பூஜ்யம் வாங்கிய இருவர்

என் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாள் முழுமையடையாது என்று விசாரணைக் குழுவினர் என்னிடம் மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் மரியாதையாகவே சொன்னார்கள். தாளில் இருந்தது இதுதான்: தானியக் களஞ்சிய நிறுவனத்தின் ஐந்தாம் எண் குதிருக்குள் என் தம்பி மூழ்கி இறந்தபோது, பக்கத்துக் குதிரின் உச்சியில் நின்றிருந்த கயிற்றுக்காரர், நெடுநாள் பகையின் காரணமாக, வேண்டுமென்றே உதவிக்கு வரவில்லை. அந்தப் பகைக்குச் சாட்சி, இறந்தவரின் அண்ணனாகிய நான். அதன் கீழே ஒரு கோடு. நான் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டால் கயிற்றுக்காரருக்கு வேலை போகும், வழக்கும் வரும். போடாவிட்டால் எடுத்துக்கொள்ள இரண்டாவது தாள் ஒன்று தயாராக இருந்தது. அதில் குற்றவாளி என் தம்பி.

நான் நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கையெழுத்து விழுந்த வரைபடத்தை எந்த நீதிமன்றமும் திருப்பி அனுப்பியதில்லை. எங்கள் வீட்டில் யார் பெயரும் எந்தக் குற்றத் தாளிலும் ஏறியதில்லை. அப்பா போனபின் தம்பியை நான்தான் வளர்த்தேன். சோறு ஊட்டியதைவிட அதிகம் இந்த ஒன்றைத்தான் ஊட்டினேன். ஆகவே அந்த இரண்டு தாள்களும் என் முன்னால் எப்படி வந்தன என்பதை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

குதிர் என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். அலுவலகத்தில் சைலோ என்பார்கள். எட்டு மாடி உயரக் கான்கிரீட் உருளை; உள்ளே வாய்வரை தானியம். ஈரம் பட்டால் மேல்பரப்பு ஓடு கட்டிவிடும். அடியில் தானியம் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும், மேலே ஓடு மட்டும் தரைபோல நிற்கும். அந்தப் போலித் தரையில் இறங்கி, நீண்ட கம்பியால் குத்தி உடைக்க ஓர் ஆள் வேண்டும். அவர் இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை, உச்சியில் உள்ள இரும்புத் தூணை ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொருவர் கையில். ஓடு உடையும் நொடியில் கயிறு ஒரு முழம் தொய்ந்திருந்தாலும் உள்ளே இருப்பவர் மார்புவரை போய்விடுவார். மார்புவரை போனவரை எட்டுப் பேர் இழுத்தாலும் வெளியே எடுக்க முடியாது. ஆகவே மேலே நிற்பவருக்கு ஒரே வேலை: கயிற்றைத் தொய்யவிடாமல் பிடித்துக்கொண்டு, வேறு எதுவும் செய்யாமல் இருப்பது.

பதினான்கு ஆண்டுகள் தம்பி உள்ளே இறங்கினான், கயிற்றுக்காரர் மேலே நின்றார். அதில் கடைசிப் பதினொரு ஆண்டுகள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

காரணம் நான். கயிற்றுக்காரரின் தங்கையைத் தம்பிக்குப் பேசி வைத்திருந்தோம். உறுதி செய்ய நான் போன அன்று, நான் உள்ளே நுழைந்தபோது கயிற்றுக்காரர் எழுந்திருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே "வாங்க" என்றார். பெரியவர் வரும்போது எழுந்திருக்காத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். தம்பி என் சொல்லைத் தட்டவில்லை. அவன் தட்டாததுதான் கயிற்றுக்காரருக்குக் கோபம். மறுநாளிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டார். தம்பிக்கும் பேச முகமில்லை. ஆனால் இருவரில் ஒருவரும் இணையை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. காலையில் அவர் கயிற்றை நீட்டுவார், இவன் இடுப்பில் முடிச்சுப் போடுவான், அவர் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார், இவன் இறங்குவான். கூட வேலை செய்தவர்கள் கயிற்றுக்காரருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தம்பிக்கு 'சாவி இல்லாதவன்' என்று வைத்தார்கள். தம்பிக்கு நான் வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்தேன். வாழ்க்கை இப்படியே நடந்தது, யாரும் சாகவில்லை.

பிறகு நிறுவனம் நவீனமானது. ஈரம் அளக்க ஒரு கருவி, எடை பார்க்க ஒரு கருவி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க ஒரு கருவி. இவ்வளவு கருவிகள் வந்தபின் தொழிலாளர்களிடையே நம்பிக்கை குறைந்துவிடக் கூடாதே என்று மேலிடம் கவலைப்பட்டது. அதற்காக நல்லிணக்கப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். ஓடு உடைக்கும் ஆட்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். நல்லிணக்கப் பிரிவில் பத்தொன்பது பேர்.

அவர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் 'தோழன்' என்ற செயலியை ஏற்றினார்கள். ஓர் இணை ஒரு நாளில் எத்தனை முறை பேசிக்கொள்கிறது, எத்தனை முறை சிரிக்கிறது, எத்தனை முறை ஒருவரையொருவர் பாராட்டிச் செய்தி அனுப்புகிறது என்று தோழன் எண்ணும். நூற்றுக்கு மதிப்பெண் போடும். பொட்டலப் பிரிவில் ஒருவர் இருந்தார். படிக்கட்டில் எதிர்ப்படும் எல்லோருக்கும், ஒருவரே நான்கு முறை வந்தால் நான்கு முறையும், வணக்கம் சொல்வார். அதனால் அவர் பெயரே 'வணக்கம்' ஆகிவிட்டது. அவருக்குத் தொண்ணூற்றெட்டு. தம்பிக்கும் கயிற்றுக்காரருக்கும் பூஜ்யம். அப்படி ஒரு மதிப்பெண் வர முடியாது என்று நினைத்து, ஒலிவாங்கியைச் சோதிக்க இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். ஒலிவாங்கி நன்றாகவே இருந்தது.

பூஜ்யம் வாங்கியவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி உண்டு. எட்டு மாடி உயரத்தில் ஒருவர் மற்றவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த வேலையை அரை நாள் நிறுத்தி, இருவரையும் குளிரூட்டிய அறைக்குக் கூட்டிப் போனார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், கயிற்றுக்காரர் பிடிக்க வேண்டும். இதுதான் நம்பிக்கைப் பயிற்சி. பிடிக்காமல் விட்டால் விழ ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தையில் விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தலைக்கவசமும் கொடுத்தார்கள். தம்பி சாய்ந்தான். கயிற்றுக்காரர் பிடித்தார்.

"இப்ப உங்க மனசுல என்ன தோணுது?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"ஏழாம் குதிரு பாதில நிக்குது" என்றான் தம்பி.

கயிற்றுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சியாளர் குறிப்பேட்டில் எழுதினார்: 'பிடித்தார். ஆனால் அக்கறை தெரியவில்லை.'

தம்பி இதை வீட்டில் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தான். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், தூரத்து உறவினர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி என்னிடம் கேட்டிருந்தார்: "என்ன பெரியவரே, அவங்க வீட்டுப் பொண்ணு வேணாம்னு வந்துட்டீங்க. தம்பி உயிரை மட்டும் அவங்க கையிலயே குடுத்து வச்சிருக்கீங்களாமே?" பந்தியே சிரித்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்திலிருந்து வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. 'குடும்பங்களின் குரல்' என்று தலைப்பு. உங்கள் வீட்டுத் தொழிலாளியின் இணையைப் பற்றி உங்களுக்குக் குறை உண்டா என்று கேட்டிருந்தார்கள். படிவத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம். நான் தனித்தாளில் இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். எங்கள் குடும்பத்தின் மேல் பகை கொண்ட ஒருவர் கையில் என் தம்பியின் உயிர் இருப்பது எங்கள் மானத்துக்கு இழுக்கு என்று எழுதினேன். அவர் எந்த நேரமும் தீங்கு செய்யக்கூடும் என்றும் எழுதினேன். கடைசி வாக்கியத்தை நான் நம்பி எழுதவில்லை. மனு வலுவாக இருக்கட்டும் என்று எழுதினேன்.

ஒன்பதே நாளில் நடவடிக்கை எடுத்தார்கள். கயிற்றுக்காரரை வேறோர் ஆளோடு நான்காம் குதிருக்கு மாற்றினார்கள். தம்பிக்குக் கயிறு பிடிக்க, நிறுவனத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கிய மனிதரைப் பொட்டலப் பிரிவிலிருந்து கூட்டி வந்தார்கள். வணக்கம்.

அன்று மாலை தம்பி காலணியைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணா, மனு குடுத்தீங்களா?"

"குடுத்தேன். நம்ம குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மானம் மேல நிக்கும்ணா. கீழ இறங்குறது நான்ல?"

"உன்கிட்ட ஒரு வார்த்தை பேசாத ஆளை எப்படிடா நம்புறே?"

"பேசாத வாயைப் பத்தி எனக்கென்ன? எனக்கு வேண்டியது அவரு கை. மூணு வருஷம் முன்னாடி எட்டாம் குதிர்ல ஓடு மொத்தமா உடைஞ்சுது. நான் கத்தறதுக்குள்ள என்னை மேல தூக்கிட்டாரு. உங்ககிட்ட சொல்லல, பயப்படுவீங்கன்னு." குரலைத் தாழ்த்தினான். "அவருக்குக் கோபம் என் மேலதான்ணா. கயித்து மேல இல்ல."

காலணியைக் கழற்றக் குனிந்தவன் நிமிர்ந்தான்.

"இன்னொண்ணு. அன்னிக்கு அவரு ஏன் எழுந்திருக்கலன்னு தெரியுமா? முந்தின நாள் தூண்ல கால் சிக்கி கணுக்கால் உடைஞ்சு கட்டுப் போட்டிருந்தாங்க. மேசை மறைச்சிடுச்சு."

"பதினொரு வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

மறுநாளே நான் போயிருக்க வேண்டும். கொடுத்த மனுவைத் திருப்பிக் கேட்பது என் வழக்கமில்லை. இரண்டு நாள் என்னோடு நானே வாதாடிவிட்டு வியாழக்கிழமை போனேன். திங்கட்கிழமை தம்பி ஐந்தாம் குதிரில் இறங்க வேண்டும், வணக்கம் கயிறு பிடிக்க வேண்டும் என்று உத்தரவு.

நல்லிணக்கப் பிரிவின் ஒவ்வொரு கதவும் அந்தந்த அலுவலரின் அட்டைக்கு மட்டுமே திறக்கும். சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதியிருந்தது. நான்கு கதவுகளைத் தாண்டி, நான்கு பேர் கைமாற்றி என்னை நல்லிணக்க அலுவலரிடம் சேர்த்தார்கள். நாற்பது வயதுப் பெண்மணி. மிகவும் பணிவானவர். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்.

"நான் குடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன்மா" என்றேன்.

"குடுக்கிற வரைக்கும்தான் சார் அது மனு. வாங்கினப்புறம் அது தரவு. தரவைத் திருப்பித் தர முடியாது."

"அதுல எழுதினது தப்பு."

"சரியா தப்பான்னு தோழன் பாக்காது சார். எவ்வளவு உணர்ச்சி இருக்குன்னுதான் பாக்கும். உங்க மனுவுக்குத் தொண்ணூத்தொண்ணு. இந்த வருஷத்துலயே அதிகம். பயிற்சி வகுப்புல உதாரணமா காட்டுறோம்."

"அவங்க ரெண்டு பேரும் பதினாலு வருஷம் ஒண்ணா வேலை செஞ்சவங்க."

"ஆனா ஒரு தடவைகூட ஒருத்தரை ஒருத்தர் பாராட்டலையே சார்?"

"கயிறு புடிக்கிறவரை எதுக்கும்மா பாராட்டணும்? ஆள் உயிரோட மேல வர்றான். அது போதாதா?"

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "நல்லா சொன்னீங்க சார். ஆனா உயிரோட மேல வர்றதுக்குத் தனிக் கட்டம் இல்ல. அது எப்பவும் நடக்கிறதுதானே."

கடைசியில் ஒரு வழி சொன்னார். புதிய இணையில் ஒருவர் மற்றவரைப் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் மறுபரிசீலனை உண்டு. தம்பி எழுதினால் செல்லாது. பூஜ்யம் வாங்கியவர்களுக்கு யாரையுமே பிடிக்காது என்பது தோழனின் கருத்து. வணக்கம் எழுத வேண்டும்.

பொட்டலப் பிரிவில் அவர் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வணக்கம் ஐயா, வாங்க வாங்க! உங்க தம்பிக்கு இன்னிக்கே ரெண்டு பாராட்டு அனுப்பிட்டேன்."

"கயிறு புடிச்சுப் பழக்கம் உண்டா?"

"பயிற்சி முடிச்சிட்டேன் ஐயா. நாப்பது நிமிஷக் காணொளி. கடைசில கேட்ட கேள்விக்கெல்லாம் சரியா பதில் சொல்லிட்டேன்." சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "ஐயா, ஒண்ணு கேக்கட்டா? கயிறு எவ்வளவு இறுக்கமா இருக்கணும்? அது காணொளில வரல."

என் தம்பியைப் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதித் தரும்படி அவரிடம் கேட்டேன். யாரிடமும் எதையும் கேட்காத நான், ஒரு பொட்டலப் பிரிவு மேசையின் முன்னால் நின்று கேட்டேன். அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"யாரையும் புடிக்கலைன்னு நான் சொன்னதே இல்லையே ஐயா."

"பயமா இருக்குன்னாவது எழுதுங்க."

"எழுதிட்டேன் ஐயா. நேத்தே எழுதிட்டேன். 'நீங்கள் தனியாக இல்லை'ன்னு தோழன் பதில் அனுப்பிச்சு. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம், போகாதே என்றேன்.

"போகலைன்னா நம்பிக்கைக் குறைவுன்னு குற்றத் தாள் எழுதுவாங்க. நம்ம வீட்டுப் பேரு எந்தக் குற்றத் தாள்லயும் ஏறக் கூடாதுன்னு நீங்கதானேண்ணா சொல்லியிருக்கீங்க" என்றான். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் அப்படி நம்பினான்.

திங்கட்கிழமை நடந்ததைத் தோழன் நொடி பிசகாமல் பதிவு செய்திருக்கிறது. மேலே நிற்பவரை அது நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும்: 'உங்கள் கூட்டாளி நலமா?' பதில் சொல்லக் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். கையுறையோடு வைத்தால் ரேகை பதியாது. கையுறையைக் கழற்ற இரண்டு கைகளும் வேண்டும். காலை பத்து இருபதுக்கு வணக்கம், 'நலம்' என்று பதில் கொடுத்தார். பதினெட்டு நொடி கழித்து ஓடு உடைந்தது. அவர் இன்னும் கையுறையை மாட்டி முடிக்கவில்லை. பத்து இருபத்தொன்றுக்கும் 'நலம்' என்று பதிவாகியிருக்கிறது. கைப்பேசி கேட்டது, விரல் பழக்கத்தில் வைத்துவிட்டது என்று அவர் பிறகு என் காலடியில் உட்கார்ந்து அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

அவர் அலறியது நான்காம் குதிரின் உச்சிக்குக் கேட்டது. நடுவில் பதினைந்தடி நீளத்துக்கு ஓர் இரும்புப் பாலம். கயிற்றுக்காரரின் கயிற்றிலும் ஓர் ஆள் இருந்தார். இரண்டு பெண்களுக்குத் தகப்பன், அந்த வேலைக்குப் புதியவர், அந்த நேரத்தில் ஓட்டின் மேல் நின்றிருந்தார். கயிற்றுக்காரர் கயிற்றை விடவில்லை. தூணில் கட்டிவிட்டும் ஓடவில்லை. கட்டிய கயிறு தொய்வதை உணராது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தன் ஆளை மேலே ஏறச் சொல்லி, முழம் முழமாகக் கயிற்றை வாங்கி, அவர் விளிம்பைப் பிடித்த பிறகே ஓடினார். அதற்கு நான்கு நிமிடம் ஆனது. தம்பிக்கு ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அவனை வெளியே எடுக்கக் குதிரின் அடிப்பக்கத்தை வெட்டித் திறந்தார்கள். மாலையாகிவிட்டது.

விசாரணையை நல்லிணக்கப் பிரிவே நடத்தியது. அந்தப் பிரிவின் மேல் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை, ஆகவே அதுவே நடுநிலையானது என்று முடிவு செய்திருந்தார்கள். குறை சொல்ல வேண்டுமானால் அந்தப் பிரிவிடம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நிர்வாக இயக்குநர் திரையில் தோன்றிப் பேசினார்.

"குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். கருவிகள் வரும், போகும். நம்பிக்கையும் கூட்டுப்பணியும்தான் என்றும் நிலைத்தவை. அவ்வளவு மதிப்புள்ளவற்றை மனிதர்கள் பொறுப்பில் விட்டுவைப்பது சரியா? மனிதர்கள் மறப்பார்கள், கோபப்படுவார்கள், சோர்ந்து போவார்கள். ஆகவே அந்தச் சுமையை அவர்கள் தோளிலிருந்து நாங்கள் இறக்கிவைத்தோம். இன்று இந்த நிறுவனத்தில் யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை என்று பெருமையோடு சொல்வேன். நான் நேரில் வந்திருப்பேன். குதிர்கள் இருக்கும் வளாகத்துக்குள் நான் கால் வைப்பது ஆபத்து என்று பாதுகாப்புப் பிரிவு தடுத்துவிட்டது."

பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள்.

பிறகு கேமராப் பதிவைப் போட்டார்கள். கயிற்றுக்காரரின் முகம் திரையை நிறைத்தது. நான்கு நிமிடமும் அந்த முகம் என் தம்பி இருந்த பக்கம் திரும்பவில்லை. கீழே எழுத்துகள் ஓடின: வருத்தம் பதினொரு சதவீதம். பதற்றம் நான்கு சதவீதம். மீதி எண்பத்தைந்தும் கவனம். எதன் மீது என்று கண்டறிய முடியவில்லை.

"கையைக் காட்டுங்க" என்றேன்.

"எந்தக் கை ஐயா?" என்றார் கருவியை இயக்கியவர்.

"அவரு கை. அந்த நாலு நிமிஷமும் அது என்ன செஞ்சுதுன்னு காட்டுங்க."

"கேமரா முகத்தை மட்டும்தான் வெட்டி எடுத்து வைக்கும் ஐயா. கையில உணர்ச்சி தெரியாதே."

நல்லிணக்க அலுவலர் இரண்டு தாள்களையும் என் முன்னால் வைத்தார்.

"புது இணைக்கு மூணே நாள்ல தொண்ணூத்தாறு மதிப்பெண் சார். அவ்வளவு நல்ல இணைக்குள்ள தப்பு நடக்க வாய்ப்பில்ல. அப்ப வெளிய இருந்து வந்திருக்கணும். அது கயிற்றுக்காரர். இல்லைன்னா உங்க தம்பியே செஞ்சிருக்கணும். மூணாவது கட்டம் இல்ல."

"என் தம்பி என்ன தப்பு செஞ்சான்?"

"பத்து இருபத்தொண்ணுக்கும் பத்து இருபத்திரண்டுக்கும் 'நலமா?'ன்னு தோழன் அவருக்குச் செய்தி அனுப்பிச்சு சார். பதில் போடல."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்தார்: "உங்க மனுவை நாங்க மறக்கல சார். முன்கூட்டியே எச்சரிச்ச ஒரே குடும்பம் உங்களோடது. நீங்க கையெழுத்துப் போட்டா அந்த மனுவைச் சட்டம் போட்டு வரவேற்பறைல மாட்டுறதா முடிவு. உங்க குடும்பப் பேரோட."

பொய் சொல்லப் போவதில்லை. நான் பேனாவைத் திறந்தேன். என் தம்பி குற்றமற்றவன். என் குடும்பப் பெயர் சுவரில். பந்தியில் சிரித்தவர்கள் வாயை மூட வேண்டியதுதான். எல்லாம் ஒரு கோட்டின் மேல் இருந்தது. கயிற்றுக்காரர் அறையின் மறுகோடியில், கயிறு அறுத்த இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை போட்டிருப்பேன்.

"வெள்ளைத் தாள் ஒண்ணு குடுங்கம்மா" என்றேன்.

அதில் எழுதினேன்: அவர் தீங்கு செய்வார் என்று நான் எழுதியது பொய். அந்தப் பொய்யால் என் தம்பி தன் கயிற்றுக்காரரை இழந்தான். கயிற்றுக்காரர் தன் கையில் இருந்த உயிரைக் கடைசிவரை விடவில்லை. அவருடைய வேலை அது. இந்தச் சாவில் ஒரு பங்கு என்னுடையது. மற்றப் பங்குகளை நீங்கள் உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெயர் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். அலுவலர் அதைக் கருவியில் வைத்தார். கருவி ஒரு நிமிடம் யோசித்தது.

"உணர்ச்சி பன்னிரண்டு சதவீதம்தான் சார்" என்றார் வருத்தத்தோடு. "இருபதுக்குக் கீழ இருந்தா ஏத்துக்காது."

முதல் தாளில் கையெழுத்து இல்லாததால் இரண்டாவது தாள் தானாகவே செல்லுபடியாகிவிட்டது. அடுத்த வாரம் அதன் நகல் வீட்டுக்கு வந்தது. 'கூட்டாளியின் அக்கறைக்குப் பதிலளிக்கத் தவறியதால்' என்று காரணம் எழுதியிருந்தது. தம்பி மனைவி அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"தப்பு செய்யாதவர் பேர்ல தப்பு எழுதியிருக்கே மாமா."

"என் பேர்ல எழுதச் சொன்னேன்மா. அதுக்குக் கட்டம் இல்லைன்னுட்டாங்க."

அவள் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. தேவையில்லாமல் பேசியதுமில்லை.

மாதக் கடைசியில், தம்பியின் பெட்டகத்தைக் காலி செய்து தரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். ஒரு சட்டை, ஒரு தண்ணீர்ப் புட்டி, மகள் வரைந்த படம் ஒன்று. வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் கூட்டம். நிறுவனத்தின் நல்லிணக்க மதிப்பெண் ஒரே மாதத்தில் ஏழு புள்ளி உயர்ந்திருந்தது. வழியனுப்ப வந்த நல்லிணக்க அலுவலரிடம் காரணம் கேட்டேன்.

"பூஜ்யம் வாங்கின இணை இப்ப கணக்குல இல்லைல்ல சார்" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது. அட்டையை எடுத்துத் தன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தம். நான் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கயிற்றுக்காரர். கைக்கட்டுகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள்; உள்ளங்கையின் குறுக்கே தோல் புதிதாக, சிவப்பாக இருந்தது. அவருக்கு வேலை போகவில்லை. போக்குவதற்குக் கையெழுத்து இல்லை. இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஐயா" என்றார். பதினொரு ஆண்டுகளில் எங்கள் வீட்டாரிடம் அவர் சொன்ன முதல் சொல்.

நான் திரும்பினேன்.

"நான் அன்னிக்குக் கயித்தை விட்டுட்டு ஓடியிருக்கணுமா?"

வாழ்நாள் முழுதும் தீர்ப்புச் சொல்லிப் பழகியவன் நான். யார் எல்லை எது, யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் கையில் உயிரைக் கொடுக்கலாம் என்று கேட்கும் முன்பே சொன்னவன். பேருந்து வந்தது. நின்றது. நடத்துநர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மணியடித்தார். போய்விட்டது.

"கூடாது" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்புங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.